வெளியில் பாட்டுக் கேட்க புளூடூத் ஸ்பீக்கர்: காரைக்குடிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் செல்போனும் ஸ்பீக்கரும் விற்பது, பழுது பார்ப்பது என் தொழில். மார்கழிக் கடைசியில் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறவர்கள் வருவார்கள். சித்திரை, வைகாசியில் விடுமுறைக்கு ஊருக்கு வந்த குடும்பங்கள் வரும். இரண்டு கூட்டமும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பாதிப் பேர் தவறானதை வாங்கிக் கெடுத்த பிறகுதான் கேட்கிறார்கள். அதைப் பார்க்கிறபோது எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, கடையில் நின்றபடி சொல்வதைவிடக் கொஞ்சம் விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

வீட்ல ஒரு ஸ்பீக்கர் நல்லாத்தானே பாடுது. அதையே வெளிய எடுத்துட்டுப் போனா என்ன?

வீட்டுக்குள் ஒலி சுவரில் பட்டு நம்மிடமே திரும்பி வருகிறது. நம் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் இது இன்னும் அதிகம். வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரை ஒரு தூணடியில் வைத்தால் வீடே பாடுகிற மாதிரி இருக்கும். வெட்டவெளியில் அந்தத் துணை கிடையாது. போன ஒலி போனதுதான்.

கண்டனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இதைச் சோதித்துப் பார்த்தேன். வளவின் ஒரு மூலையில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு எதிர் மூலைக்குப் போனேன். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சத்தத்தைத் தொடாமல் அதையே தோட்டத்துப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு நடந்தேன். பத்துப் பன்னிரண்டு எட்டு வைப்பதற்குள் தவில் அடி காணாமல் போனது. இன்னும் பத்து எட்டில் பாடுகிறவரின் குரல் மட்டும், அதுவும் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல, மெலிசாகக் கேட்டது. வெளியில் முதலில் தொலைவது அடிநாதம், அதாவது பேஸ். அதனால்தான் வெளிக்கென்று செய்யும் ஸ்பீக்கர்களில் இரு முனைகளிலும் ரப்பர் விளிம்புள்ள தட்டுகள் வைக்கிறார்கள். பாட்டுக்கு அவை துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒலி தவிர, மழை, செம்மண் தூசி, வெயில், கை தவறிக் கீழே விழுவது எல்லாம் இருக்கின்றன. வீட்டு ஸ்பீக்கர் இவற்றுக்காகச் செய்யப்பட்டதில்லை.

எத்தனை வாட் வாங்கணும்ணே?

வாட் என்பது ஸ்பீக்கர் எடுத்துக்கொள்ளும் மின்சக்திக் கணக்கு. 10 வாட்டை 20 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடாது. சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 3தான் கூடும், காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குச் சுமார் பத்து மடங்கு வாட் தேவை.

இன்னொரு பக்கம், வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் 85 டெசிபல் என்றால் இரண்டு மீட்டரில் 79, நான்கில் 73, எட்டில் 67. ஆக, ஸ்பீக்கரை எட்டு மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்கு நகர்த்துவது வாட்டை நான்கு மடங்கு ஆக்குவதற்குச் சமம். நகர்த்துவதற்குக் காசு வேண்டாம். கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள்? மூன்று நான்கு பேர் கட்டிலைச் சுற்றி என்றால் 5 வாட்டே போதும். மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பேர் என்றால் 20 முதல் 30 வாட். அதற்கு மேல் என்றால் கல்யாணம் பற்றிய கேள்விக்குப் போங்கள்.

பெட்டியில 5000 வாட் பி.எம்.பி.ஓ.ன்னு போட்டிருக்கே, அது நல்லதுதானே?

அதை நம்பாதீர்கள். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்தான் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுமுறையே கிடையாது. அந்த எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்ட பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ஐபி67னா என்ன? தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாதா?

ஐபி என்பதற்குப் பிறகு வரும் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. தூசியில் 6தான் உச்சம், உள்ளே தூசி துளியும் புகாது என்று பொருள். தண்ணீரில் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்பதைத் தயாரித்தவர் குறிப்பில் சொல்லியிருப்பார்.

இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில், புது ஸ்பீக்கரில் நடப்பவை. சோப்புத் தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் அந்த உறுதி கிடையாது. இரண்டு மூன்று முறை தரையில் விழுந்து ரப்பர் நெகிழ்ந்துபோன ஸ்பீக்கருக்கும் கிடையாது. சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி இருக்கிற மாடலில் மூடி திறந்திருந்தால், ஐபி67 எழுத்து அட்டைப்பெட்டியில்தான் இருக்கும். போன ஐப்பசியில் ஊரணிப் படியில் உருண்டு தண்ணீருக்குள் போன ஒன்று என்னிடம் வந்தது. மூழ்கியது பத்து நிமிடம்தானாம். மூடி மட்டும் பாதி திறந்திருக்கிறது. உள்ளே சர்க்யூட் பலகை முழுக்க ஊரணியின் வண்டல் படிந்திருந்தது.

ஐபிஎக்ஸ்7 இருக்கு, விலையும் கம்மி. அது பத்தாதா?

எக்ஸ் என்றால் தூசிக்குச் சோதிக்கவே இல்லை என்று பொருள். தண்ணீருக்கு மட்டும் உறுதி. இதையே முந்தைய மாடலுக்கும் புது மாடலுக்கும் இடையில் பார்க்கலாம்: ஜேபிஎல் ஃப்ளிப் 5 ஐபிஎக்ஸ்7, அதற்கு அடுத்து வந்த ஃப்ளிப் 6 ஐபி67.

குளிர் ஊரில் குளத்தோரம் வைக்கிறவருக்கு எக்ஸ் போதும். நமக்குப் போதாது என்பது என் கருத்து. நம் மண் செம்மண். காய்ந்தால் மாவு மாதிரி பறக்கும், எங்கும் புகும். மஞ்சுவிரட்டுக்குச் சிராவயல் போய்விட்டு வந்த சட்டையை உதறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூசித் தடுப்பு இல்லாத ஒரு ஸ்பீக்கரின் வலையை உருவினேன். பேஸ் தட்டின் ரப்பர் மடிப்பில் வட்டமாக, குங்குமக் கோடு இழுத்தது போல, செம்மண் உட்கார்ந்திருந்தது. தட்டு அசையும்போதெல்லாம் அந்த மண் ரப்பரைத் தேய்த்து ஒரு இடத்தில் கிழித்தும்விட்டது. விலை கொஞ்சம் கூடினாலும் முதல் எண் 6 இருப்பதை வாங்குங்கள்.

நனைஞ்சதுக்கப்புறம் கரகரன்னு வருது. அரிசியில போட்டு வைக்கவா?

வேண்டாம். அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, அதன் தவிட்டுத் தூள்தான் சார்ஜ் துளைக்குள் போய் அடைக்கும். கரகரப்பு பெரும்பாலும் வலைக்கும் உள்ளே அதிர்ந்து பாடும் ஒலித்தட்டுக்கும் இடையில் தண்ணீர் நிற்பதால் வருவது. ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பிடித்து நன்றாக உதறுங்கள். துணியில் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். அநேகமாகச் சரியாகிவிடும்.

ஈரம் காயும்வரை சார்ஜ் மட்டும் போடாதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் துளைக்குள் இருக்கும் மெல்லிய முனைகள் அரித்துப் போகும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறியது போலப் பச்சையாக இருக்கும். நனைந்து கெட்டது என்று என்னிடம் வருபவற்றில் நிறைய, நனைந்ததால் கெட்டவை கிடையாது, நனைந்த கையோடு சார்ஜ் போட்டதால் கெட்டவை.

தொண்டி கடற்கரைக்குக் கொண்டுட்டுப் போகலாமா?

கொண்டு போகலாம். கடல் தண்ணீரில் போடாதீர்கள், அவ்வளவுதான். உப்பு தெறித்தால் வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் மெதுவாக அலசி, மேலே சொன்னபடி காய வையுங்கள். அலசுவது ஐபி67 மாடலுக்கு மட்டும். மணலில் நேரே வைக்காமல் ஒரு துண்டை விரித்து அதன் மேல் வையுங்கள்.

12 மணி நேரம்னு போட்டிருந்துச்சு, நாலு மணி நேரத்துல நின்னுடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று கிடையாது. பெட்டியில் இருக்கும் மணிக்கணக்கு நடுத்தரச் சத்தத்தில், பல நேரம் பாதி சத்தத்தில், அளந்தது. வெளியில் நாம் முழுச் சத்தம் வைக்கிறோம். பேஸ் கூட்டும் பொத்தானை அழுத்துகிறோம், கலர் விளக்கும் மின்னுகிறது. இப்படி ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு நேரம் கிடைப்பது இயல்பு. எனவே ஐந்து மணி நேரம் வேண்டும் என்பவர் பெட்டியில் பதினைந்து மணிக்கு மேல் போட்டிருப்பதை எடுங்கள். ஜேபிஎல் சார்ஜ் 5 போன்ற கொஞ்சம் பெரியதில் 20 மணி என்று போட்டிருப்பார்கள். சோனி எக்ஸ்பி100 கையடக்கம்தான், அதிலும் 16 மணி என்று இருக்கும்.

விளக்கை அணைத்து, பேஸ் கூட்டலை நிறுத்தி, ஸ்பீக்கரை ஒரு சுவரோரம் வைத்துப் பாருங்கள். சுவர் அடிநாதத்தைத் திருப்பித் தரும், முதல் பதிலில் சொன்ன துணை கொஞ்சமாவது கிடைக்கும். சத்தத்தை இரண்டு படி குறைக்கலாம், பேட்டரி கண்ணுக்குத் தெரிகிற அளவு மிஞ்சும்.

சித்திரை வெயில்ல வெடிச்சிடாதா?

நல்ல தயாரிப்பு வெயிலில் பாடிக்கொண்டிருப்பதால் வெடிப்பது அரிது. கெடுவது வேறு மாதிரி. லித்தியம் பேட்டரியைச் சுமார் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். கறுப்பு ஸ்பீக்கரை வெயிலில் வைத்துத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அதை அப்படியே சார்ஜில் மாட்டாதீர்கள். நிழலில் அரை மணி நேரம் ஆறட்டும். சூட்டில் சார்ஜ் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் பழுது இல்லை. நல்ல மாடல்கள் தாமாகவே நிறுத்திக்கொள்ளும்.

பயப்பட வேண்டியது கார். பிள்ளையார்பட்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் காரை நிறுத்திச் சாமி கும்பிடப் போனால், வருவதற்குள் உள்ளே 60 டிகிரி தாண்டலாம். முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த பொருள் அதைவிடவும் சூடாகும். ஒரு பருத்தித் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுங்கள். பேட்டரி உப்பி உடல் பிளந்தது தெரிந்தால் மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

பழனி பாதயாத்திரைக்கு எது நல்லது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கும். குன்றக்குடி தாண்டி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் நடக்கிறவர்களுக்கு வழித்துணை அந்தப் பாட்டுதான். காவடி தூக்குகிறவர் கால் தளரும்போது பின்னால் ஒரு பாட்டு வந்தால் நடையே மாறும். அதற்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். முதல் நாள் ஒரு கிலோ ஒரு பொருட்டாகத் தெரியாது. நத்தம் வருவதற்குள் அது உங்கள் தோளைத் தேடிப் பிடித்து வலிக்கும். ஜேபிஎல் கோ 3 சுமார் 200 கிராம், ஃப்ளிப் 6 சுமார் 550 கிராம், சார்ஜ் 5 ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. தோளில் தொங்கவிட அரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். கயிறோ கொக்கியோ உடம்போடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். தனியாக ஒட்டிய கொக்கி நடையின் குலுக்கலில் போய்விடும்.

தை மாதம் வெயில் குறைவு, விடியற்காலைப் பனிதான் அதிகம். தரையில் வைத்துப் படுத்தால் காலையில் நனைந்திருக்கும். ஐபி67க்கு அது ஒன்றும் செய்யாது, சார்ஜ் துளையைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். தங்குமிடத்தில் ஒரு பிளக்குக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். அதனால் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று கையில் இருக்கட்டும். பாட்டுகளைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள், வழியில் எல்லா இடத்திலும் நெட் கிடைக்காது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இருட்டில் சாலையோரம் நடக்கும்போது பின்னால் வரும் லாரியின் சத்தம் உங்கள் காதுக்குக் கேட்க வேண்டும். ஸ்பீக்கரை நெஞ்சுப் பக்கம் மாட்டி, பக்கத்தில் வருகிறவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் வையுங்கள். வரிசையின் பின்னால் நடக்கிறவர் வைத்திருக்கவே கூடாது.

போன் என் பையிலதான் இருக்கு, பாட்டு விட்டு விட்டு வருதே?

புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். தண்ணீர் அந்த அலையை விழுங்கும், மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். போன் பின்பக்கப் பையில், ஸ்பீக்கர் முன்னால் தோளில் என்றால் நடுவில் நீங்களே சுவராக நிற்கிறீர்கள். வீட்டுக்குள் இது தெரியாது, அலை சுவர்களில் பட்டுச் சுற்றி வந்துவிடும். வெட்டவெளியில் சுற்றி வர வழி இல்லை. போனைச் சட்டைப் பைக்கு மாற்றுங்கள், உடனே சரியாகும்.

திருவிழாக் கூட்டத்தில் விட்டு விட்டு வருவது வேறு காரணம். ஆயிரம் பேரின் போனும் வைஃபையும் அதே அலையில் நெருக்கியடிக்கும். அங்கே போனையும் ஸ்பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் வழி.

புளூடூத் 5.3 வாங்கினா சத்தம் நல்லா இருக்குமா?

இருக்காது. அந்த எண் இணைப்புக்கும் மின்சிக்கனத்துக்கும் உரியது. ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பது ஒலித்தட்டும் பெட்டியின் கட்டுமானமும். 5.0க்கு மேல் எதுவாக இருந்தாலும் போதும், அதற்காகக் கூடுதல் காசு தராதீர்கள்.

தம்பிகிட்ட ஒண்ணு இருக்கு. நானும் ஒண்ணு வாங்கிட்டு ரெண்டையும் சேத்து ஓட்டலாமா?

நல்ல யோசனை. தூரக் கணக்கின்படி ஒரு பெரியதை அலறவிடுவதைவிட, இரண்டு சிறியதை உட்கார்ந்திருப்பவர்களின் இரு பக்கமும் வைப்பதுதான் வெளியில் இனிமை. யாருக்கும் காது வலிக்காது, யாருக்கும் கேட்காமலும் போகாது.

ஆனால் தம்பியின் ஸ்பீக்கரைக் கையோடு கொண்டு வாருங்கள். வேறு வேறு கம்பெனி என்றால் பெரும்பாலும் சேராது. ஒரே கம்பெனிக்குள்ளேயும் சிக்கல் உண்டு. ஜேபிஎல்லில் சார்ஜ் 4 காலத்து இணைப்புமுறைக்குக் கனெக்ட் பிளஸ் என்று பெயர். ஃப்ளிப் 5, ஃப்ளிப் 6, சார்ஜ் 5 ஆகியவற்றில் பார்ட்டிபூஸ்ட். கோ 4, ஃப்ளிப் 7, சார்ஜ் 6 போன்ற புதியவற்றில் ஆராகாஸ்ட். ஓர் இணைப்புமுறை இன்னொன்றோடு பேசாது. பெயர் ஒரே வரிசையில் இருக்கிறதே என்று வாங்கிப் போய், சேரவில்லை என்று திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். ஆராகாஸ்ட் பொதுத் தரம் என்பதால் இனி வரும் காலத்தில் இந்தத் தொல்லை குறையும் என்று நம்புகிறேன். புதிதாக இரண்டும் வாங்குகிறவர் அது இருப்பதை எடுக்கலாம்.

கல்யாணத்துக்கு ஊர்ல நூறு பேர் வர்றாங்க. பெருசா ஒண்ணு வாங்கிட்டா மைக்செட் வேணாம்ல?

வேண்டும். நூறு பேர் பேசும் சத்தமே பேட்டரி ஸ்பீக்கரை விழுங்கிவிடும். மைக் தேவைப்படும் இடத்தில் புளூடூத் இன்னொரு விதத்திலும் காலை வாரும். போன் வழியாகக் குரலை அனுப்பினால் வாயசைவுக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல் தாமதம் விழும். பேசுகிறவருக்கே நாக்குக் குழறும். ஒரு நாளைக்கு ஊர் ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிடுங்கள், அவருக்குத் தொழில் தெரியும். உங்கள் சின்ன ஸ்பீக்கர் சமையல் கட்டில் இருக்கட்டும். விடிய விடிய காய் நறுக்குகிறவர்களுக்கு அதுதான் பெரிய துணை.

ஆச்சிக்கு ஒண்ணு வேணும். முகப்புல உக்காந்து பழைய பாட்டு கேப்பாங்க, போன் பாக்கத் தெரியாது.

அப்படியென்றால் புளூடூத்தை மறந்துவிட்டு மெமரி கார்டு துளையும் எஃப்எம்மும் இருப்பதைத் தேடுங்கள். பெரிய கம்பெனிகளின் முரட்டு ஸ்பீக்கர்களில் இவை இரண்டும் பெரும்பாலும் கிடையாது. நம் ஊர்க் கம்பெனிகளின் மாடல்களில் கிடைக்கும். முகப்பில் மழையும் மண்ணும் அவ்வளவு வராது, ஐபி எண் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. பொத்தான்கள் மேடாக, விரலால் தடவிக் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அவசியமானது அதுதான். பேரப்பிள்ளைகள் கார்டில் அவர் கேட்ட பாட்டை மட்டும் ஏற்றித் தாருங்கள். ஆயிரம் பாட்டு போட்டால் வேண்டியதைத் தேட முடியாமல் மூலையில் வைத்துவிடுவார். கொடைக்கானல் பண்பலை 100.5இல் எஃப்எம்மை நிறுத்திக் காட்டிவிட்டு வந்தால் பொழுது போகும்.

போன் சார்ஜர்ல மாட்டினா ஏறவே மாட்டேங்குது. செத்துப் போச்சா?

சாகவில்லை. இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிளில் மாட்டியிருப்பீர்கள். அந்த வகைச் சார்ஜர், மறுமுனையில் இருப்பது என்ன என்று அடையாளம் தெரிந்த பிறகே மின்சாரம் தரும். அந்த அடையாளத்தைச் சொல்ல ஸ்பீக்கருக்குள் சின்னதாக இரண்டு ரெசிஸ்டர் வேண்டும். மலிவு மாடல்களில் சில காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி, மறுமுனை டைப்-சி என்ற கேபிளில் போடுங்கள், ஏறும். வாங்கும்போதே உங்கள் வீட்டுச் சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஸ்பீக்கரின் மற்ற தரத்தையும் அதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

அச்சு அசலா அதே மாதிரி பாதி விலைக்குத் தர்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தூக்கிப் பாருங்கள். போலி பெரும்பாலும் எடை குறைவு, காந்தத்திலும் பேட்டரியிலும்தான் கை வைப்பார்கள். கம்பெனி இணையதளத்தில் எடை போட்டிருக்கும், மளிகைக்கடைத் தராசே போதும். அடுத்து, கம்பெனியின் ஆப்பை இறக்கி இணைத்துப் பாருங்கள். ஆப்பில் வரவேண்டிய மாடல் வரவில்லை என்றால் அது போலி. பெட்டியிலோ அடிப்பக்கத்திலோ இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் குறியும் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் யாருடையது என்பதைப் பிஐஎஸ் கேர் ஆப்பில் பார்க்கலாம்.

போலிகளில் ஐபி67 என்று எழுதியிருப்பதுதான் எனக்குப் பெரிய கோபம். ஒன்றைப் பிரித்தேன். தண்ணீர் தடுக்கும் ரப்பர் வளையம் இருக்க வேண்டிய பள்ளம் இருந்தது, வளையம் இல்லை.

சிங்கப்பூர்லருந்து அண்ணன் வாங்கிட்டு வரட்டுமா? பிளைட்ல விடுவாங்களா?

விடுவார்கள். பேட்டரி அளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. ஜேபிஎல் சார்ஜ் 5இல் 3.6 வோல்ட், 7500 எம்ஏஎச், அதாவது 27 வாட்-மணி. கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பெரிய பார்ட்டி பெட்டிகள் என்றால் முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடைக்காமல் போகலாம். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் இங்கேயே பில்லோடு வாங்குங்கள்.

வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் ஊருக்கு வர்றோம். வீட்லயே வச்சுப் பூட்டிட்டுப் போகலாமா?

இது நம் ஊருக்கே உரிய கேள்வி. பூட்டிய வீட்டின் அலமாரியில் ஆறு மாதம் கிடந்து, திருவிழாவன்று உயிர் வராத ஸ்பீக்கர்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். பேட்டரியைக் காலியாக விட்டுப் போனால் அது தானாகவே இன்னும் வடிந்து, மறுபடி ஏறாத நிலைக்குப் போகும். முழுதாக ஏற்றிவிட்டுப் போனாலும், மேல்மாடி வெப்பத்தில் அதன் கொள்ளளவு குறையும். பாதி அளவு சார்ஜில் அணைத்து, கீழ்த்தளத்தில் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, அவரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள். பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர் நீண்ட நாள் வாழும்.

மூணு வருஷம் ஆச்சு, சார்ஜ் நிக்கல. பேட்டரி மட்டும் மாத்தித் தருவீங்களா?

மாற்றலாம். நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கிய லித்தியம் பேட்டரி தளர்வது இயற்கை. நம் ஊர் சிக்ரி வளாகம் நாட்டின் மின்வேதியியல் ஆய்வுக்கூடம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊரில் இருந்துகொண்டு, பழைய பேட்டரியைக் குப்பையில் எறிகிறோமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. கழற்றியதை மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்க மாட்டேன். திறந்து மூடிய ஸ்பீக்கருக்கு ஐபி67 கிடையாது. கம்பெனி ஒட்டிய பசையையும் வளையத்தையும் அப்படியே திரும்ப வைக்க என்னைப் போன்ற கடைக்காரரால் முடியாது. நான் புது வளையம் வைத்து மூடித் தருவேன், தூறல் தாங்கும். ஊரணிக்கும் பாதயாத்திரைக்கும் இனி கொண்டுபோகாதீர்கள், தாழ்வாரத்தில் வைத்துக் கேளுங்கள்.

ராத்திரி மொட்டை மாடியில மெதுவாத்தான் வச்சோம். பக்கத்து வீட்ல சண்டைக்கு வந்துட்டாங்க. எங்க மேல என்ன தப்பு?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்கே இன்னும் குறைவு. இரண்டாவது பதிலில் போட்ட கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு மீட்டரில் 85 டெசிபல் பாடும் ஸ்பீக்கர் எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து மாடியில் 67. பத்து மணிக்கு மேல் அது வரம்பைவிட 22 டெசிபல் அதிகம்.

மெதுவாக வைத்தோம் என்று உங்களுக்குத் தோன்றியது பொய்யில்லை. அடிநாதம் ஜன்னலையும் சுவரையும் தாண்டிப் போகும். உங்களுக்குப் பாட்டாகக் கேட்பது அங்கே படுத்திருப்பவருக்குத் தும் தும் என்ற அடி மட்டும். ஆப்பில் போய் பேஸைப் பாதிக்குக் குறையுங்கள். ஸ்பீக்கரைக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து இறக்கி, எல்லோரும் உட்கார்ந்திருக்கும் பாயின் நடுவில் வையுங்கள். ஆளுக்கு ஒரு மீட்டர் தூரம்தான் இருக்கும், மூன்றில் ஒரு பங்கு சத்தம் போதும். பத்து மணியானால் நிறுத்திவிடுங்கள். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.